பையன் கேட்பது சாத்தான் பாட்டா?

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகன், பிளஸ் டூ படிக்கிறான். ஒன்பதாம் வகுப்பு வரை கோயிலில் பீடச் சிறுவனாக இருந்தவன். ஒரு வருடமாக ‘கோஸ்ட்’ என்ற வெளிநாட்டுக் குழுவின் பாட்டைத்தான் கேட்கிறான். அதில் பாடுகிறவர் திருத்தந்தை மாதிரி அங்கியும் உயரமான தொப்பியும் போட்டு, முகத்தில் மண்டை ஓடு வரைந்திருக்கிறார். ஒரு பாட்டில் சாத்தானுக்கு வாழ்த்துச் சொல்வது என் காதிலேயே விழுந்தது. போன மாதம் தலைகீழ்ச் சிலுவை போட்ட கறுப்பு டி ஷர்ட் வாங்கியிருக்கிறான். கேட்டால், ‘இது டிராமாம்மா’ என்கிறான். மார்க் பரவாயில்லை, சாயங்காலம் கால்பந்து விளையாடப் போகிறான், என்னோடு பேசவும் செய்கிறான். ஆனால் இரண்டு மாதமாக ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் குணமளிக்கும் செபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போ என்கிறார் என் அக்கா. இந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? என் பிள்ளை கெட்ட வழிக்குப் போகிறானா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் கெட்ட வழிக்குப் போகவில்லை. விளையாடப் போகிற, படிக்கிற, அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுகிற பிள்ளையைப் பாட்டை மட்டும் வைத்துச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அதே நேரம், உங்களுக்கு மனம் வலித்ததிலும் தப்பில்லை. நீங்கள் மண்டியிட்டு வணங்குகிற ஒன்றை இன்னொருவர் வேஷமாகப் போட்டு மேடையேறினால் வலிக்கத்தான் செய்யும். ‘வெறும் பாட்டுதானே, விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அவன் என்ன கேட்கிறான், அது ஏன் அவனை இழுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கோஸ்ட், சுவீடனில் லின்ஷோப்பிங் என்ற ஊரில் 2006ல் தொடங்கிய குழு. பழைய பேராலயம் ஒன்று நடுவில் நிற்கும் ஊர் அது. பாடுவதும், பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதி மெட்டுப் போடுவதும் டோபியாஸ் ஃபோர்ஜ் என்ற ஒரே ஆள். முதல் தொகுப்பு 2010ல் வந்தது. மேடையில் அவர் ‘பாப்பா’ என்ற சாத்தான் சபையின் திருத்தந்தை, பல வருடங்கள் ‘பாப்பா எமெரிட்டஸ்’ என்ற பெயரில் வந்தார். இசைக்கருவி வாசிப்பவர்கள் முகமூடி போட்ட ‘பெயரற்ற பேய்கள்’. பல வருடங்கள் யார் யார் என்று ரசிகர்களுக்கே உறுதியாகத் தெரியாது. 2017ல் முன்னாள் உறுப்பினர்கள் வருமானத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டபோதுதான் ஃபோர்ஜின் பெயர் ஊரறிய வெளியே வந்தது. ரகசியச் சபை எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் கம்பெனிதான் இருக்கிறது. 2016ல் மெட்டல் என்ற கனத்த ராக் இசைப் பிரிவில் கிராமி விருது வாங்கினார்கள். 2025ல் வந்த ‘ஸ்கெலெட்டா’ அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்துக்கே போனது. உங்கள் மகன் ஏதோ இருட்டு மூலையில் போய்ப் பிடித்த பாட்டு இல்லை இது.

அந்தப் பாப்பாவுக்கு ஒரு கதையும் இருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை பதவி கைமாறும். 2017ல் ஒரு கச்சேரி முடிகிற நேரத்தில் மூன்றாம் பாப்பாவை இரண்டு பேர் மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து ‘கார்டினல் கோப்பியா’ என்றொருவர் வந்தார், கொஞ்சம் அசடு, ஆனால் பதவி ஆசை உள்ளவர். 2020ல் அவரும் பாப்பாவானார். எல்லோருமே ஃபோர்ஜ்தான். கண்ணாடிச் சவப்பெட்டியில் கொண்டுவரப்படும் கிழட்டுப் பாப்பா ஒருவர் உயிர்த்தெழுந்து சாக்ஸபோன் வாசித்துவிட்டுப் போனதும் உண்டு. இடையிடையே இந்தக் குடும்பச் சண்டைகளைக் குறும்படங்களாக யூடியூபில் போடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டோடு சேர்த்து இந்தத் தொடர்கதையையும் பின்தொடர்கிறார்கள். பதவிக்கு அலைகிற, வயதாகிற, ஒருநாள் தூக்கியெறியப்படுகிற பெரியவர்களின் கதை. பதினேழு வயதில் அதற்கு ஒரு தனி ருசி உண்டு. பெரியவர்களின் அதிகாரத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கிற வயது அது.

இனி, நான் முக்கியமாக நினைப்பது. உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை பீடத்தில் நின்றவன். தூபக் கலசத்தைக் கையில் பிடித்து ஆட்டியிருப்பான். மணி அடித்திருப்பான். பெரிய வியாழன் இரவில் விளக்கையெல்லாம் அணைத்த கோயில் எப்படி இருக்கும், பாஸ்கா இரவில் ஒரே ஒரு மெழுகுதிரி உள்ளே வரும்போது உடம்பு எப்படிச் சிலிர்க்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கோஸ்ட்டின் மேடையில் இருப்பவையும் அவைதான்: வண்ணக் கண்ணாடிச் சாளரம், அங்கி, புகை, பாடகர் குழு, லத்தீன் வரிகள், ஆர்கன். சடங்கின் அழகு தெரிந்த பிள்ளைக்குத்தான் இது முழுசாகப் பிடிபடும். கோயில் பக்கமே போகாத பையனுக்கு அந்தத் தொப்பி வெறும் தொப்பி. உங்கள் மகன் சடங்கை வெறுத்ததால் அங்கே போய்ச் சேர்ந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. சடங்கு அவனை அவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கிறது. அதை அவனுக்குள் விதைத்தது நீங்களும் உங்கள் பங்குக் கோயிலும்.

மேடைச் சாத்தானும் சபைக்குப் புதியவன் இல்லை. ஐரோப்பாவில் நடுக்காலத்தில் வேதாகமக் கதைகளை நாடகமாகப் போட்டபோது, நரகத்தின் வாயைப் பெரிய மிருக முகமாகச் செய்து, உள்ளேயிருந்து நெருப்பும் புகையும் வர, பிசாசுகள் குதித்து வெளியே வருவதைக் காட்டினார்கள். ஜனங்கள் பயந்தார்கள், சிரித்தார்கள், அடுத்த வருடமும் பார்க்க வந்தார்கள். நம் பக்கம் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கா நாடகமாகப் போடும் ஊர்களில் யூதாசாக நடிப்பவரை யாரும் காட்டிக்கொடுத்தவன் என்று ஒதுக்கிவைப்பதில்லை.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. பாஸ்காவில் கடைசியில் வெல்வது கிறிஸ்து. கோஸ்ட்டின் மேடையில் அப்படி யாரும் வந்து சாத்தானைத் தோற்கடிப்பதில்லை. நீங்கள் கேட்ட அந்த வாழ்த்து அநேகமாக 2013ல் வந்த ‘இயர் ஜீரோ’ பாட்டில் இருப்பது. பிசாசுகளின் பெயர்களைப் பாடகர் குழு வரிசையாக முழங்க, பிறகு வாழ்த்து வரும். விசுவாசியின் காதுக்கு அது நிந்தனைதான். நான் அதை வேறு எதுவாகவும் மாற்றிச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதைப் பாடுகிற கூட்டம் எதையும் வழிபடுவதில்லை. ஒன்றாகச் சேர்ந்து தொண்டை கிழியக் கத்துகிற சந்தோஷத்தில் இருக்கிறது. 2025ன் உலகச் சுற்றில் கோஸ்ட் ரசிகர்களின் செல்போன்களைப் பூட்டிய பைகளில் போட்டு வைக்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கையில் திரை இல்லாமல் ஒரே இடத்தைப் பார்த்து நின்று பாடியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அது வேறெங்கே கிடைக்கிறது?

சாவும் பயமும் இந்த இசைக்குள் ஏன் இவ்வளவு வருகிறது என்றும் யோசித்திருப்பீர்கள். ஃபோர்ஜுக்கு அவரைவிட வயதில் மிக மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். சின்ன வயதில் ராக் இசையை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். கோஸ்ட்டின் பாட்டுகள் 2010 மார்ச்சில் முதல்முறை இணையத்தில் வந்த அதே நாளில் அந்த அண்ணன் இறந்துபோனார் என்று ஃபோர்ஜே சொல்லியிருக்கிறார். 2018ல் வந்த ‘பிரிக்வெல்’ தொகுப்பு ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயைப் பற்றியது. அதில் சாவைப் பார்த்துக்கொண்டே ஆடுகிற பாட்டும் உண்டு, பிரிவைத் தாங்காமல் உருகுகிற பாட்டும் உண்டு. நம் வீடுகளில் பதினேழு வயதுப் பிள்ளையோடு சாவைப் பற்றி யார் பேசுகிறோம்? பரீட்சையைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சை அவன் வேறு இடத்தில் தேடிக்கொள்கிறான்.

இந்த மெட்டல் இசை பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அந்த ஊர்க் கிதார் கலைஞர் டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் உலோகத் தகடு வேலையில் இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர், தந்தியை அழுத்துவது அந்த வலது கையால்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனமான ஓசையில் இதற்கெல்லாம் பங்குண்டு. அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்தது. அதன் முதல் பாட்டின் நடுக்கத்துக்குக் காரணமான சுர இடைவெளியை மேற்கே சாத்தானோடு சேர்த்துப் பேசுவார்கள். நம் சங்கீதத்தில் அது ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையே உள்ள தூரம்தான், கல்யாணியில் தினமும் கேட்கிறோம். அந்தப் பாட்டில் வருகிறவனும் சாத்தானைக் கூப்பிடவில்லை. கறுப்பு உருவத்தைக் கண்டு, கடவுளே காப்பாற்று என்று அலறுகிறான். குழுவின் பாடலாசிரியர் கீசர் பட்லர் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. 1971ல் அவர் எழுதிய ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ கடவுள் நம்பிக்கையைக் கேலி செய்பவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பாட்டு. உங்கள் மகனிடம் அதைத் தேடிப் போடச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

சரி, எல்லாமே வேஷம்தானா? இல்லை. டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட் குழுவில் பாடிய கிங் டயமண்ட், அமெரிக்காவில் அன்டன் லாவே தொடங்கிய சாத்தானியத்தை ஏற்றுக்கொண்டவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதாவது சிலருக்கு அது கொள்கை. அதைவிடக் கனமான விஷயம் நார்வேயில் நடந்தது. 1992லிருந்து அங்கே பல மரத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன, பெர்கன் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஃபான்டாஃப்ட் தேவாலயமும் அதில் ஒன்று. பிளாக் மெட்டல் என்ற பிரிவைச் சேர்ந்த சில இளைஞர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். 1993ல் மேஹெம் குழுவின் கிதார் கலைஞரை இன்னொரு இசைக்கலைஞர் குத்திக் கொன்றார். கொன்றவருக்கு 21 ஆண்டு சிறை.

இதைச் சொன்னால் நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடினால் இதுதான் முதலில் கிடைக்கும். முகச்சாயமும் தலைகீழ்ச் சிலுவையும் அவர்களிடமும் இருந்தன. ஆனால் அவர்களுக்கு மேடை வேஷம் போதவில்லை. பழைய குழுக்கள் சும்மா நடிக்கின்றன, நாங்கள் நிஜம் என்று காட்டிக்கொள்ளத் துடித்தார்கள், ஒருவரை ஒருவர் அந்தப் பக்கம் தள்ளினார்கள். நான் கவனித்துக் கேட்பது இந்த எல்லைக்கோட்டைத்தான். என்னிடம் வரும் பிள்ளை ‘இது டிராமா’ என்று சொன்னால் எனக்கு நிம்மதி. திரை விழும் நேரம் அவனுக்குத் தெரிகிறது. ‘இது நிஜம், மற்றவர்களுக்குப் புரியாது, எங்கள் கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியும்’ என்று சொல்ல ஆரம்பித்தால், அது எந்த இசையாக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்தச் செபக் குழுவாகவே இருந்தாலும், நான் நிமிர்ந்து உட்காருவேன். உங்கள் மகன் முதல் வகை. அதை அவனே உங்களிடம் சொல்லிவிட்டான்.

கோபத்தைப் பற்றியும் அம்மாக்கள் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015ல் ஓர் ஆய்வு செய்தார்கள். கடுமையான மெட்டல் கேட்கும் 39 பேரிடம் அவர்களைக் கோபப்படுத்திய சம்பவங்களைப் பேசவைத்து, பிறகு பாதிப் பேரைத் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கச் சொன்னார்கள், மீதிப் பேரை அமைதியாக இருக்கச் சொன்னார்கள். பாட்டுக் கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை. சும்மா இருந்தவர்களைப் போலவே எரிச்சல் இறங்கியது, கூடவே உற்சாகமும் வந்தது. சின்ன ஆய்வு, எல்லோரும் 18 வயது தாண்டியவர்கள். ஆனாலும் ஆலோசனை அறையில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. கோஸ்ட் அந்த அளவுக்குக் கடுமையான இசையும் இல்லை. அவர்கள் தங்கள் நாட்டு ‘அப்பா’ (ABBA) என்ற பாப் இசைக் குழுவின் பாட்டையே எடுத்துப் பாடியவர்கள். மெட்டு அவ்வளவு இனிமை.

உடையைப் பார்த்துப் பெரியவர்கள் முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் அமெரிக்காவின் வெஸ்ட் மெம்ஃபிஸ். 1993ல் அங்கே மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். கறுப்பு உடை, மெட்டல் பாட்டு, மாந்திரீகப் புத்தகம் இவையெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியம் மாதிரி பேசப்பட்டு, மூன்று வாலிபர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவருக்கு மரண தண்டனை. 2011ல்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். உங்கள் அக்காவுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளை இல்லாத நேரத்தில் அவன் பொருளை எடுத்து வீசினால், அவன் கேட்பதை நிறுத்த மாட்டான், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவான். ஒருநாள் சாவகாசமாக, ‘உனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று போடுடா, நானும் கேட்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். முழுசாகக் கேளுங்கள். நடுவில் முகம் சுளிக்க வேண்டாம். ‘இதில் உனக்கு எந்த இடம் பிடிக்கும்?’ என்று கேளுங்கள். பிடித்த இடத்தைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் மனசையே காட்டிவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் வலியையும் சொல்லுங்கள். சொல்லத்தான் வேண்டும். ‘இது டிராமா என்று நீ சொல்வதை நம்புகிறேன். ஆனால் அந்த உடையும் அந்த வாழ்த்தும் என் விசுவாசத்தைக் குத்துகிறது’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். நம்முடைய ரசனை இன்னொருவரை எங்கே தொடுகிறது என்று அவனும் தெரிந்துகொள்ள வேண்டிய வயது. டி ஷர்ட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம்: வீட்டில், நண்பர்களோடு போட்டுக்கொள்ளட்டும், கோயில் வளாகத்துக்கும் பாட்டி வீட்டுக்கும் வேண்டாம். நியாயமாகப் பேசினால் ஒத்துக்கொள்வான் என்றே நினைக்கிறேன். தலைகீழ்ச் சிலுவை முதலில் யாருடைய அடையாளம் என்று உங்களுக்குத் தெரியும். தன் ஆண்டவரைப் போல நிமிர்ந்து அறையப்படத் தனக்குத் தகுதியில்லை என்று தலைகீழாகச் சிலுவையில் தொங்கிய இராயப்பர் (பேதுரு). கோஸ்ட் அதை அந்த அர்த்தத்தில் போடவில்லைதான். ஆனாலும் பீடச் சிறுவனாக இருந்தவனிடம் அந்தக் கதையை ஞாபகப்படுத்துவதில் தவறில்லை.

பூசைக்கு வராததைப் பாட்டோடு கட்டிப் பேசாதீர்கள். அது தனி விஷயம், பாட்டைவிடப் பெரிய விஷயம். பிளஸ் டூ வருடத்தில் ஞாயிறு காலை தூங்குகிறானா, கோயிலில் யாரோடாவது மனத்தாங்கலா, நிஜமாகவே விசுவாசத்தில் கேள்விகள் வந்துவிட்டனவா, எதுவாகவும் இருக்கலாம். பாட்டை நிறுத்தினால் பூசைக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டால் இரண்டுமே கைநழுவும். அவனுக்குப் பிடித்த இளம் குருவானவர் யாராவது இருந்தால், அவனே விரும்பினால், அவரிடம் மனம் விட்டுப் பேசட்டும். கணவரிடமும் சொல்லி, போனில் படிப்பைத் தாண்டி நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

செபக் கூட்டத்துக்கு இந்தக் காரணத்துக்காக அழைத்துப் போக வேண்டாம். நாலு பேர் முன்னால் உனக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது, அவனுக்குப் பல வருடம் ஆறாத காயம். நீங்கள் வீட்டில் அவனுக்காகச் செபமாலை சொல்லுங்கள், அதை யார் தடுக்கப் போகிறார்கள்?

நான் கவலைப்படக்கூடிய அறிகுறிகள் வேறு. இரவெல்லாம் தூங்காமல் இருப்பது, சாப்பாடு குறைவது, கால்பந்தை விட்டுவிடுவது, நண்பர்களை வெட்டிவிடுவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, கையில் கீறல்கள், பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, நான் இல்லாவிட்டால் நல்லது என்ற பேச்சு. அல்லது இணையத்தில் பழகிய வயதில் மூத்த யாரோ, வீட்டுக்குத் தெரியாமல் வா என்று கூப்பிடுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் என்ன பாட்டுக் கேட்கிறான் என்று பார்க்காமல் உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, காது. இந்த இசையால் உடம்புக்கு வரக்கூடிய கெடுதல் என்றால் அது ஹெட்போன் சத்தம்தான். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். போனிலேயே ஒலி அளவுக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அதை அவனையே வைக்கச் சொல்லுங்கள்.